பட்டறைப் பதில்கள்: முதல் 60 அடி

(பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் டூவீலர் பட்டறை வைத்திருப்பவர். சுற்றுவட்டாரப் பையன்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு டிராக் (drag) ரேஸ் டீமும் நடத்துகிறார். சீசன் முடிந்த கையோடு வாசகர்களின் கேள்விகளை அவரிடம் கொடுத்தோம். இனி அவர்.)

கேள்வி: அண்ணா, டிராக் ரேஸ்னா நேரா போறதுதானே? இதுக்கு எதுக்கு வருசம் பூரா பட்டறையில உக்காந்து வேலை? — ஆர்.எம்., பொள்ளாச்சி

நேராகப் போவதுதான் தம்பி. 402 மீட்டர், அதாவது கால் மைல். சில இடங்களில் அதில் பாதி. வளைவு கிடையாது, லேப் கிடையாது. இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும், லைட் விழும், கோட்டை முதலில் தாண்டினவன் அடுத்த சுற்றுக்குப் போவான், மற்றவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வேனில் ஏற்றுவான். அவ்வளவுதான். ரோடு ரேஸில் ஒரு வளைவில் விட்டதை அடுத்த வளைவில் பிடிக்கலாம், இங்கே விட்டது விட்டதுதான். அதனால்தான் பட்டறையில் இத்தனை வேலை.

இந்தக் கால் மைலில் முக்கியமான இடம் எது என்று கேட்டால் எல்லாரும் கடைசிக் கோட்டைக் காட்டுவார்கள். நான் முதல் 60 அடியைக் காட்டுவேன். ஓட்டம் முடிந்ததும் கொடுக்கும் நேரச் சீட்டான டைமிங் சிலிப்பில் அந்த 60 அடிக்குத் தனியாக ஒரு நேரம் போட்டிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். அங்கே பத்தில் ஒரு பங்கு வினாடி மிச்சம் பிடித்தால் கோட்டில் அது ஒன்றரை மடங்கு, சில வண்டியில் இரண்டு மடங்காகத் திரும்பி வரும், ஏனென்றால் சீக்கிரம் எடுத்த அந்த வேகத்தோடுதான் மீதித் தூரம் முழுக்க ஓடுகிறாய்.

சிலிப்பில் இன்னொன்றும் இருக்கும், கோட்டைத் தாண்டும்போது இருந்த வேகம். மொத்த நேரம் மோசம், ஆனால் கடைசி வேகம் நன்றாக இருக்கிறது என்றால் இன்ஜினைத் தொடாதே, அதில் குறை இல்லை. கிளட்ச், டயர் காற்று, ஓட்டுகிறவன் கை, இந்த மூன்றில் ஒன்றுதான். 60 அடி நன்றாக வந்து கடைசி வேகம் படுத்துவிட்டால் அப்போது இன்ஜினையும் கியரிங்கையும் பார்க்கலாம். எங்கள் ஏரியாவில் பத்துப் பேரில் எட்டுப் பேர் சிலிப்பைப் படிக்காமலே சைலன்சரை மாற்றப் போய்விடுகிறார்கள். சைலன்சர் கடைக்காரருக்கு நல்லது, வேறென்ன சொல்ல.

கேள்வி: உங்க சீசன் எப்ப ஆரம்பிக்கும்? மழைக்காலத்துல சும்மா இருப்பீங்களா? — கே.வி., சித்தூர், பாலக்காடு மாவட்டம்

ரேஸ் தேதி அவர்கள் கையில், வேலை ஆரம்பிக்கிற தேதி எங்கள் கையில். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் இந்தப் பக்கம் வண்டி ஓட்டிப் பார்க்க முடியாது, அதனால் அப்போதுதான் எல்லாவற்றையும் கழற்றிப் போடுவோம். எங்களிடம் முக்கியமாக இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் யமஹாக்கள், பிறகு ஒரு 160 சிசி நான்கு ஸ்ட்ரோக். சிலிண்டரை கோவை கணபதியில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போவோம், போரிங், அதாவது சிலிண்டரின் உள்சுவரைக் கடைவது அங்கேதான். அவர் மைக்ரோமீட்டரை வைத்து மேலே ஒரு அளவு, நடுவில் ஒரு அளவு, கீழே ஒரு அளவு எடுத்து சாக்பீஸால் சிலிண்டர் மேலேயே எழுதி வைப்பார். அந்த எண்ணைப் பார்த்தாலே போன சீசனில் வண்டி என்ன பாடுபட்டது என்று தெரிந்துவிடும்.

திருப்பிப் பூட்டும்போது எங்களுக்கு மெதுவான வேலை ஒன்று உண்டு. பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதன் விளிம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பது. பெரிய கருவி எதுவும் வேண்டாம். சோல்டர் கம்பியை வளைத்து பிளக் ஓட்டை வழியாக சிலிண்டர் சுவரைத் தொடும்படி விட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தி ஒரு சுற்று சுற்ற வேண்டும். கம்பி நசுங்கி வெளியே வரும். அந்த நசுங்கின நுனியை வெர்னியரில் பிடித்தால் இடைவெளி எவ்வளவு என்று தெரிந்துவிடும். 100 சிசி வண்டியில் ஒரு மில்லிமீட்டர் பக்கம் இருந்தால் நிம்மதி. அதைவிடக் குறைத்தால் பவர் வரும், ரொம்பக் குறைத்தால் பிஸ்டன் போய் ஹெட்டை முட்டும். அடியில் போடும் கேஸ்கட்டின் கனத்தை மாற்றி மாற்றித்தான் இதைச் சரி செய்வோம், ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போகும். டீமில் சித்தூர்க்காரச் சேட்டன் ஒருவர் இருக்கிறார், அவரைத் தவிர வேறு யாருக்கும் இந்த வேலையில் பொறுமை கிடையாது.

மழை விட்டதும் புறப்பாட்டுப் பயிற்சி. அதற்குக் கால் மைல் தேவையில்லை என்பதுதான் எங்களைப் போன்ற சின்ன டீமுக்கு வரம். கஞ்சிக்கோட்டில் தெரிந்தவர் ஒருவரின் மூடிக் கிடக்கிற மில் வளாகம் இருக்கிறது, கேட்டைப் பூட்டிவிட்டு அதன் கான்கிரீட் தரையில் 60 அடியை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டுவோம். அக்கம்பக்கத்தில் வீடு இல்லை, அதனால் பிரச்சினையும் இல்லை. தேசிய டிராக் சாம்பியன்ஷிப் என்றால் சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குப் போக வேண்டும், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் தளம் அது. வண்டியைப் பிக்கப்பில் கட்டி வாளையார் தாண்டி, சேலம், வேலூர் வழியாக ராத்திரி முழுக்க ஓடினால் விடியும்போது அங்கே இருக்கலாம். அந்த கிளப்பே 1953இல் தொடங்கினது. பழைய காலத்தில் அவர்கள் ரேஸ் நடத்தினது சோழவரத்தில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில். எங்கள் அப்பா காலத்து மெக்கானிக்குகள் சோழவரம் என்று சொல்லும்போது குரலே மாறும்.

கேள்வி: என்கிட்ட ஆர்எக்ஸ் 100 இருக்கு. போர்ட் வேலை பண்ணி சேம்பர் போட்டா எத்தனை செகண்ட் குறையும்? — பி.எஸ்., மீனாட்சிபுரம்

எல்லா வாரமும் வருகிற கேள்வி, ஒருதடவை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

அந்த இன்ஜின் 50 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), 50 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), மொத்தம் 98 சிசி. கம்பெனி கொடுத்தது 11 குதிரைத்திறன். எக்ஸாஸ்ட் போர்ட், அதாவது புகை வெளியேற சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓட்டை, அதன் மேல் விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் அது திறந்திருக்கும் காலம் 4, 5 டிகிரி கூடும். அதனால் பவர் மேலே ஆர்பிஎம்மில், அதாவது இன்ஜின் வேகமாகச் சுழலும்போது வரும். ஆனால் பிஸ்டன் மேலே ஏறும்போது போர்ட் மூடுவது தாமதமாகிறது இல்லையா, அதனால் கீழே ஆர்பிஎம்மில் அழுத்தம் குறைந்து இழுவை செத்துப் போகும். சேம்பர் என்கிற ரேஸ் சைலன்சரும் அதே கதைதான். எக்ஸாஸ்டிலிருந்து கிளம்பும் அழுத்த அலை சேம்பரின் பின்பக்கக் கூம்பில் முட்டித் திரும்பி வந்து, வெளியே ஓடப் பார்க்கும் புது பெட்ரோல் கலவையைத் திரும்ப சிலிண்டருக்குள்ளேயே தள்ளுகிறது. அது சரியான நேரத்துக்கு வந்தால்தான் லாபம். அந்தச் சரியான நேரம் ஒரு குறுகலான ஆர்பிஎம் வட்டத்துக்குள்தான் அமையும். அதற்குக் கீழே வண்டி இருமும், மேலே போனால் மூச்சு நின்றுவிடும்.

சரி, இப்போது ஸ்டார்ட் லைனில் யோசித்துப் பார். பவர் எல்லாம் மேலே, ஆர்எக்ஸில் கியர் நான்குதான், நீ கிளட்சைச் சட்டென்று விடுகிறாய். ஆர்பிஎம் விழும், வண்டி அந்த வட்டத்தை விட்டு வெளியே வந்து அழும், பக்கத்து லேனில் கம்பெனி சைலன்சரோடு வந்தவன் உன்னைத் தாண்டிப் போவான். இதைக் கண்ணால் பார்த்தவர்கள் நிறையப் பேர். கிளட்சை விடாமலே பிடித்து வைத்தால் பிளேட் கருகும். நடுவில் இருக்கிறது வழி: கனமான கிளட்ச் ஸ்பிரிங், நல்ல பிளேட், பின் ஸ்ப்ராக்கெட்டில் (செயின் ஓடும் பல்சக்கரம்) இரண்டு பல் கூட, அப்புறம் இரண்டு விரலில் கிளட்சை வைத்துக்கொண்டு முதல் இரண்டு வண்டி நீளத்துக்கு அதை வழுக்க விடத் தெரிந்த கை. அந்தக் கை வருவதற்கு முன்னால் போர்ட்டில் அரத்தை வைக்காதே. அரம் போட்ட போர்ட்டைத் திரும்ப அடைக்க முடியாது, வேறு சிலிண்டர்தான் தேட வேண்டும். அந்த வண்டித் தயாரிப்பு 1996இலேயே நின்றுவிட்டது, நல்ல சிலிண்டர் இனி முளைக்காது.

ஸ்ப்ராக்கெட்டில் இன்னொரு கணக்கு. கோட்டைத் தாண்டும்போது டாப் கியரில் இன்ஜின் அதன் உச்ச பவரில் இருக்க வேண்டும். கோட்டுக்கு முன்னாலேயே கத்தி முடித்துவிட்டால் பல் கூடிப்போச்சு. கோடு வந்தும் இன்னும் ஏறிக்கொண்டே இருந்தால் பல் போதவில்லை. இரண்டு விஷயத்தைச் சேர்த்து மாற்றாதே. ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம், அதை நோட்டில் எழுது, அப்புறம் அடுத்தது. ஜெட்டும் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) ஸ்ப்ராக்கெட்டும் டயர் காற்றும் சேர்த்து மாற்றிவிட்டு வண்டி வேகமாகிவிட்டது என்று குதிக்கிறவனுக்கு, எதனால் வேகமானது என்று கேட்டால் பதில் கிடையாது. அடுத்த ரவுண்டில் மெதுவானால் அதற்கும் பதில் கிடையாது.

கேள்வி: இங்க நல்லா ஓடுற வண்டி சென்னையில ஏன் சொதப்புது? டிரைவர் பயமா, வண்டி கோளாறா? — டி.ஜே., வேலந்தாவளம்

இரண்டும் இல்லை, காற்று. நாம் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாயில். தென்மேற்குப் பருவத்தில் மேற்கிலிருந்து அடிக்கும், மார்கழி தை மாதத்தில் கிழக்கிலிருந்து அடிக்கும். கஞ்சிக்கோட்டில் மின்வாரியம் காற்றாலை வைத்ததே அதற்காகத்தான். முதுகில் காற்றை வாங்கிக்கொண்டு ஓட்டிப் பார்த்த நேரத்தை நம்பி சென்னைக்குப் போனால் ஏமாற்றம்தான். அதனால் எந்தப் பயிற்சியிலும் இரண்டு திசையிலும் ஓட்டி, சராசரியைத்தான் நோட்டில் எழுத வேண்டும்.

அடுத்தது காற்றின் அடர்த்தி. சூடு 10 டிகிரி கூடினால் காற்று 3 சதவீதம் போல மெலிகிறது. கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டர் ஏறினாலும் அதே அளவுதான். இன்ஜினுக்குள் ஆக்சிஜன் குறைந்தால் பவரும் அதே கணக்கில் குறையும், ஆனால் கார்புரேட்டருக்கு அது அவ்வளவாகத் தெரியாது, பழைய அளவுக்குப் பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் 900 மீட்டருக்கு மேலே இருக்கிற பெங்களூருவில் நம் ஊர் ஜெட்டோடு ஓட்டினால் வண்டி கொழகொழவென்று போகிறது. சென்னைக்கு உயரப் பிரச்சினை இல்லை, ஆனால் ஈரப்பதம் இருக்கிறது. ஈரக்காற்றில் நீராவி இடம் பிடித்துக்கொள்வதால் ஆக்சிஜன் அந்த அளவு குறைவு. காலையில் ஒரு ஜெட், வெயில் ஏறினதும் ஒரு ஜெட் என்று நாங்கள் ரவுண்டுக்கு ரவுண்டு மாற்றுவதைப் பார்த்து முதலில் பக்கத்து கூடாரத்தில் சிரித்தார்கள், சாயங்காலம் வந்து என்ன நம்பர் போட்டிருக்கீங்க என்று கேட்டார்கள்.

ஜெட் சரியா என்று எப்படித் தெரியும்? பிளக்கைப் பாருங்கள். ஆனால் ஒரு சுற்று ஓட்டி, உருட்டிக்கொண்டு கூடாரத்துக்கு வந்து, டீ குடித்துவிட்டுக் கழற்றிப் பார்த்தால் அந்தப் பிளக் சொல்வது எதற்கும் உதவாது. கோட்டைத் தாண்டின உடனே ஆக்சிலேட்டர் முழுசாகத் திறந்திருக்கும்போதே இன்ஜினை நிறுத்தி, கிளட்சைப் பிடித்து உருட்டி ஓரம் வந்து, அங்கேயே கழற்ற வேண்டும். பையில் பிளக் ஸ்பேனர் இல்லாத ஆளை நாங்கள் அந்த முனைக்கு அனுப்புவதே இல்லை. பீங்கான் பழுப்பாக இருந்தால் நல்லது, கருப்பாக ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெள்ளையாக இருந்தால் ஆபத்து. அந்த வெள்ளை மேல் மிளகுப் பொடி தூவினது மாதிரி பொடிப் பொடியாக மின்னினால் அது பிஸ்டனின் அலுமினியம், உருகி வந்து ஒட்டியிருக்கிறது. அதற்கு மேல் வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீர்கள். இந்த சீசனில் எங்கள் இரண்டாவது வண்டி அப்படித்தான் ஒரு அரையிறுதிக்கு முன்னால் வேனில் ஏறியது. எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டனில் நீளநீளமாகக் கீறல், இன்னொரு ஓட்டம் ஓட்டியிருந்தால் பின்சக்கரம் பூட்டி ஆள் போயிருப்பான். கப்பை விட்டுவிட்டோம் என்று பையன்கள் இரண்டு நாள் பேசவில்லை. பரவாயில்லை.

கேள்வி: போன ரேஸ்ல உங்க பையன் வண்டி குறைஞ்ச நேரத்துல ஓடியும் தோத்துட்டதா அறிவிச்சாங்க. ஏமாத்து வேலையா? — எம்., கோபாலபுரம்

ஏமாற்று இல்லைங்க, விதியே அப்படித்தான். வண்டியின் ஓட்ட நேரம் பச்சை லைட் விழும்போது தொடங்குவதில்லை, முன்சக்கரம் ஸ்டார்ட் லைனில் இருக்கும் ஒளிக்கதிரை விட்டு நகரும்போதுதான் தொடங்குகிறது. பச்சை விழுந்ததற்கும் சக்கரம் நகர்ந்ததற்கும் நடுவில் போனது தனிக் கணக்கு, ரியாக்‌ஷன் டைம். ஜெயிப்பது இரண்டையும் கூட்டித்தான். ஒருத்தன் 0.05 வினாடியில் கிளம்பி 14.30இல் ஓடுகிறான், மொத்தம் 14.35. இன்னொருத்தன் 0.25இல் கிளம்பி 14.15இல் ஓடுகிறான், மொத்தம் 14.40. இரண்டாமவன் வண்டிதான் வேகம், ஆனால் கோட்டை முதலில் தாண்டினது முதலாமவன். எங்கள் பையனுக்கு நடந்தது இதுதான். அன்றைக்கு அந்த வகுப்பில் எங்களுடையது வேகமான வண்டிகளில் ஒன்று என்பதில் எங்களுக்குச் சின்ன சந்தோசம், அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸ் ட்ரீ என்று சொல்லும் லைட் கம்பத்தில் மஞ்சள் விளக்கு மூன்று. சில போட்டியில் ஒன்றன்பின் ஒன்றாக அரை வினாடி இடைவெளியில் எரிந்து பச்சை வரும். புரோ ட்ரீ என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் எரியும், 0.4 வினாடியில் பச்சை. பச்சையைப் பார்த்த பிறகு கிளம்பினால் ஏற்கெனவே தாமதம். கடைசி மஞ்சளைப் பார்த்தே கை நகர வேண்டும், கொஞ்சம் முந்திவிட்டால் சிவப்பு, சிவப்பென்றால் வீடு. இதற்குப் பையன்கள் போன் செயலியில் கட்டை விரலால் பயிற்சி எடுக்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கட்டை விரல் கிளட்ச் பிடிப்பதில்லை.

கேள்வி: என் மகனுக்கு 17 வயசு. பிளஸ் டூ படிக்கிறான். ராத்திரி பைபாஸ்ல வண்டி ஓட்டிட்டு வர்றான், கேட்டா உங்க டீம்ல சேரப் பயிற்சின்னு சொல்றான். நீங்க சொன்னா கேப்பான். — ஒரு தாய், வாளையார்

அம்மா, அவன் எங்கள் டீமில் இல்லை. ரோட்டில் ஓட்டுகிறவன் எவனும் எங்கள் டீமில் இல்லை, இதை அவனிடமே காட்டுங்கள்.

பயம் காட்டச் சொல்லவில்லை, சட்டத்தை மட்டும் சொல்கிறேன். பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 189, முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்த்தும் போடலாம். வண்டியை இஷ்டத்துக்கு மாற்றியிருந்தால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000. கேரளாவில் இதை எவ்வளவு கெடுபிடியாகப் பார்க்கிறார்கள் என்று எல்லையில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு 18 ஆகவில்லை என்பது இன்னும் மோசம். 2019 திருத்தத்துக்குப் பிறகு பிரிவு 199ஏ என்று ஒன்று வந்திருக்கிறது. சிறுவன் குற்றம் செய்தால் மாட்டுவது பெற்றவரும் வண்டிச் சொந்தக்காரரும்தான், மூன்று வருசம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டிப் பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 25 வரை லைசென்ஸ் இல்லாதவன் எந்த டீமில் சேர்வான்? இன்சூரன்ஸும் வராது, சாதாரண பாலிசியில் ரேஸ் ஓட்டுவதும் வேகப் பரிசோதனையும் விலக்கு என்று எழுதியே இருக்கும்.

ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். பரீட்சை முடியட்டும், அவனை ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்கு அனுப்புங்கள். முதல் ஆறு மாசம் ஓட்டுவது கிடையாது. கார்புரேட்டர் கழுவுவான், டைம் எழுதுவான், வேன் ஏற்றுவான். அதைத் தாண்டியும் நின்றால், வயதும் லைசென்ஸும் ஆன பிறகு இந்திய மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐயின் போட்டி லைசென்ஸ் எடுத்து, முழு ஹெல்மெட், லெதர் சூட், கையுறை, பூட்ஸ் போட்டு, ஆம்புலன்ஸ் நிற்கிற இடத்தில் ஓட்டட்டும். இதுவரை வந்த பெரும்பாலான பையன்கள் கார்புரேட்டர் கழுவும் கட்டத்திலேயே காணாமல் போய்விட்டார்கள். அதுவும் உங்களுக்கு நல்லதுதானே.

கேள்வி: இ20 பெட்ரோல் வந்ததிலிருந்து டூ ஸ்ட்ரோக் காலின்னு சொல்றாங்களே, நெசமா? — ஏ.என்., ஆனைமலை

காலியாகாது, கவனிக்காவிட்டால் காலியாகும். சுத்தமான பெட்ரோல் முழுசாக எரிய ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். இ20இல் இருப்பதுபோல 20 சதவீதம் எத்தனால் கலந்தால் ஏறக்குறைய 13.5 என்று வரும். அதாவது அதே காற்றுக்குக் கூடுதல் எரிபொருள் தேவை. புது வண்டியில் சென்சார் பார்த்துக்கொள்ளும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, அதனால் கலவை வறண்டு, சூடு ஏறி, பிஸ்டன் பிடிக்கும். மெயின் ஜெட்டை ஒன்றிரண்டு அளவு ஏற்றிப் பிளக்கைப் பார்த்து முடிவு பண்ணுங்கள். டேங்கில் மாசக்கணக்கில் போட்டு வைக்காதீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அதிகமானால் எத்தனாலையும் கூட்டிக்கொண்டு அடியில் தனியாகத் தங்கிவிடும். நம் ஊர் மழைக்காலத்தில் இது சாதாரணம். நாங்கள் ரேஸ் முடிந்ததும் டேங்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிட்டுத்தான் வேனில் ஏற்றுவோம். பழைய ரப்பர் குழாய், ஓ-ரிங் எல்லாம் உப்பிப் போகும், அதையும் ஒருதடவை பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: நான் நர்சிங் படிக்கிறேன், ஸ்கூட்டர் இல்ல, பைக்தான் ஓட்டுவேன். டிராக் ரேஸ்ல பொண்ணுங்களுக்கு இடம் உண்டா, இல்ல கொடி காட்டத்தானா? — எஸ்., கஞ்சிக்கோடு

பாப்பா, உனக்கு ஏற்ற ஆளே இருக்கிறார். அமெரிக்காவில் ஏஞ்சல் சாம்பே என்று ஒருத்தர். நர்ஸாக வேலை பார்த்தவர். அங்கே டிராக் ரேஸ் அமைப்பான என்ஹெச்ஆர்ஏ நடத்தும் புரோ ஸ்டாக் மோட்டார்சைக்கிள் வகுப்பில் 2000, 2001, 2002 என்று மூன்று வருசம் தொடர்ந்து சாம்பியன். தனிப் பெண்கள் பிரிவில் இல்லை, ஆண்களோடு அதே லைட்டில் நின்று. அந்த வண்டிகள் கால் மைலை ஏழு வினாடிக்குள் முடிக்கின்றன.

இந்த விளையாட்டில் உடல் எடை குறைவு என்பது லாபம். 100 சிசி வண்டியும் ஆளும் சேர்ந்து 170 கிலோ என்று வை, அதில் 25 கிலோ குறைந்தால் கிட்டத்தட்ட 15 சதவீதம், நேரத்தில் 5 சதவீதம் குறையும். இன்ஜினில் அதைத் தேடப் போனால் லேத் பட்டறைக்கு எவ்வளவு அழ வேண்டும் தெரியுமா? அதனால்தான் பல போட்டிகளில் வண்டிக்கு, அல்லது ஆளோடு சேர்த்து, குறைந்தபட்ச எடை வைத்திருப்பார்கள். விதிப் புத்தகத்தில் முதலில் அதைப் படி. படிப்பை விடாதே, பட்டறைக்கு வா, இங்கே இன்னும் ஒரு பெண்பிள்ளை கூட வரவில்லை, முதல் ஆளாக இரு.

கேள்வி: உலகத்துல ரொம்ப வேகமான டிராக் பைக் எது? நம்ம நாட்டுல யாரு? — வி.கே., உடுமலை

கால் மைலை ஆறு வினாடிக்குள் முதலில் தாண்டிய மோட்டார்சைக்கிள்காரர் லாரி மெக்பிரைட், அமெரிக்கர், 1999இல். பெட்ரோல் அல்ல, நைட்ரோமீத்தேன், சூப்பர்சார்ஜர் வைத்த டாப் ஃபியூவல் வண்டி. பின்னால் நீளமாக வீலி பார் இருக்கும், இல்லாவிட்டால் முன்சக்கரம் வானத்தைப் பார்க்கும். நம் நாட்டில் பெரிய சூப்பர்பைக் வகுப்பில் பெங்களூரு ஹேமந்த் முத்தப்பா பல தடவை தேசிய சாம்பியன் ஆனவர், சுசுகி ஹயபுசா ஓட்டுகிறவர். அவர் ஓட்டும்போது எங்கள் பையன்கள் வண்டியைப் பார்ப்பார்கள், நான் அவருடைய இடது கையைப் பார்ப்பேன்.

கேள்வி: ஸ்டார்ட்ல பின்சக்கரம் சுத்துது. டயர்ல காற்றைக் குறைச்சா போதுமா? — ஜி., கொழிஞ்சாம்பாறை

கொஞ்சம் போதும். இரண்டு பவுண்டு இறக்கிப் பார், சிலிப்பில் 60 அடி நேரத்தைப் பார், பிறகு அடுத்த இரண்டு. ரொம்ப இறக்கினால் டயர் நெளிந்து கோட்டுப் பக்கம் வண்டி ஆடும். வெளிநாட்டு ரேஸ் தளத்தில் பிசின் போன்ற ஒன்றை அடித்து, ரப்பர் படிய விட்டு வைத்திருப்பார்கள். நம் ஊரில் கிடைப்பது சாதாரணத் தார், அதனால் அவர்கள் வீடியோவைப் பார்த்து காற்றை வைக்காதே.

கேள்வி: டீம் நடத்த எவ்வளவு செலவாகும்? ஸ்பான்சர் யாரு? — வேண்டப்பட்டவன்

வீட்டில் இந்தப் பத்திரிகை வாங்குகிறார்கள். அடுத்த கேள்வி.

கேள்வி: ரேஸ் வண்டியை வாளையார் செக்போஸ்ட் தாண்டி எடுத்துட்டுப் போறப்ப பிடிக்க மாட்டாங்களா? — எல்.ஆர்., எட்டிமடை

ஓட்டிக்கொண்டு போனால் பிடிப்பார்கள், பிடிக்கவும் வேண்டும். நாங்கள் பிக்கப்பில் கட்டித்தான் போவோம். வண்டியில் ஆர்சி, போட்டிக்கான நுழைவுக் கடிதம், ஓட்டுகிறவரின் போட்டி லைசென்ஸ் நகல், எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் டிரைவர் சீட் பக்கத்தில் இருக்கும். டேங்க் காலி. கேனில் பெட்ரோல் கொண்டுபோகக் கூடாது, அங்கே போய் வாங்கிக்கொள்ளலாம். வண்டியை நான்கு பக்கமும் ஹேண்டில்பாரின் அடியிலிருந்து பெல்ட் போட்டு, முன் ஃபோர்க் பாதி அமுங்கும் வரைக்கும் இழுத்துக் கட்டுங்கள். முழுக்க அமுக்கினால் சேலம் போவதற்குள் ஃபோர்க் ஆயில் சீல் கசிந்துவிடும்.